கைப்பேசி எண் இருக்கிறது, வீடு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கொடுக்கல் வாங்கல், வாடகை, கூலிவேலை ஆகியவை பற்றிய கடிதங்களை மட்டும் இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியிலிருந்து வந்தவை. சில, பினாங்குத் தீவின் மறுபக்கமான பாலிக் புலாவிலிருந்து வந்தவை. இந்த ஊர்கள் தோட்டங்களாக இருந்த காலத்தில் மேசன் யார், தையற்காரர் யார், ஆடு வளர்ப்பவர் யார் என்பதை எவரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இன்று அதே ஊர்கள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆளைத் தேடுவது புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு மாறிவிட்டது. கடிதங்களைப் படிக்கையில், எழுதியவர்களில் பலரிடம் எதிர்த்தரப்பின் கைப்பேசி எண் இருந்ததையும், வீட்டு முகவரி இல்லாததையும் கவனித்தோம். பதில்கள் அங்கேயே திரும்பத் திரும்ப வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கூடாரம், மேசை, நாற்காலி எடுப்பதற்காக, எங்கள் தாமான் புலனக் குழுவில் ஒருவர் பகிர்ந்த எண்ணுக்கு அழைத்து, 1,800 ரிங்கிட்டுக்குப் பேசி முடித்து, 900 ரிங்கிட்டை முன்பணமாக வங்கி வழி அனுப்பினேன். விழாவுக்கு முதல்நாள் இரவுவரை கூடாரம் வரவில்லை. லோரி பழுது என்றார். பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. அவசரத்தில் வேறிடத்தில் 2,300 ரிங்கிட் கொடுத்து எடுத்தோம். இப்போது கேட்டால், 'டெபாசிட் திரும்பக் கொடுப்பதில்லை' என்கிறார். 'நம்ம ஆளாச்சே, போகட்டும் விடு' என்கிறார் என் மாமியார். விடத்தான் வேண்டுமா? – வாசகி, சுங்கை பாக்காப்

பதில்: விட வேண்டியதில்லை, அம்மா. டெபாசிட் திரும்பாது என்பது, விழாவை நீங்கள் ரத்துசெய்திருந்தால் அவர் சொல்லக்கூடிய வார்த்தை. சொன்ன நாளில் வராமல் போனவர் அதே வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பணம் பெற்றுச் சேவை வழங்குபவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும் என்றும், காலம் குறிக்கப்படாத இடத்திலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. உங்கள் விழாவுக்கோ நாளும் நேரமும் குறித்தே பேசப்பட்டிருக்கின்றன.

அச்சட்டத்தின் கீழ் அமைந்ததுதான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை என்பதால், எதிர்த்தரப்பு பெரிய ஆளைக் கூட்டிவந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். பிணக்கு எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த 900 ரிங்கிட்டோடு, அவர் வராததால் கூடுதலாகச் செலவான 500 ரிங்கிட்டையும் கோருங்கள். பின்னதற்கு இரண்டாவது கடைக்காரரின் ரசீது தேவைப்படும். மன்றம் தீர்ப்பளித்த பின் 14 நாள்களுக்குள் அதற்கு இணங்காதிருப்பது குற்றமாகும்.

இனிதான் உங்கள் உண்மையான சிக்கல். மனுவுக்குரிய பாரம் 1 என்ற படிவத்தில் எதிர்த்தரப்பின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். விசாரணை அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் போகும். அறிவிப்பு முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அவர் வராவிட்டாலும் மன்றம் தீர்ப்பளிக்க முடியும். முகவரியே இல்லையென்றால் மனு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், பணம் அனுப்பியபோது திரையில் வந்த கணக்குப் பெயரும் மட்டுமே.

ஆகவே, முதலில் குழுவில் அந்த எண்ணைப் பகிர்ந்தவரிடம் போங்கள். அவர் வீட்டுக்கு இவர் கூடாரம் போட்டிருந்தால் லோரி எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கூடாரத் துணியிலோ லோரிக் கதவிலோ நிறுவனப் பெயர் எழுதியிருந்தால், எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்திடம் சிறு கட்டணம் செலுத்தி, அப்பெயரில் பதிவான வணிகத்தின் உரிமையாளரையும் முகவரியையும் பெறலாம். அது கிடைத்ததும் மன்றத்துக்குப் போவதற்கு முன், நடந்ததைச் சுருக்கமாக எழுதி, 14 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தம் வீட்டு வாசலுக்கு அஞ்சல்காரர் வந்து கையெழுத்துக் கேட்கும்போது பலர் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மாமியார் விரும்பும் சமரசமும் அவ்வாறே கைகூடலாம்.

கேள்வி: முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஊரில் என் தகப்பனார் காலத்திலிருந்து மளிகைக்கடை நடத்துகிறோம். 555 புத்தகத்தில் கடன் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நான்கைந்து குடும்பங்கள் வீடு மாறிப் போய்விட்டன. மொத்த நிலுவை ஏறக்குறைய 7,000 ரிங்கிட். நானும் அந்த ஐந்து ரிங்கிட் மன்றத்துக்குப் போகலாமா? – கடைக்காரர், நிபோங் திபால்

பதில்: போக முடியாது, ஐயா. அந்த மன்றம் வாங்குபவருக்காக அமைக்கப்பட்டது. விற்பவர் அங்கே எதிர்த்தரப்பாக நிற்கலாமே தவிர, மனுதாரராக முடியாது. உங்களுக்குரிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 93ஆம் ஆணை அதைக் கூறுகிறது. வரம்பு 5,000 ரிங்கிட். பாரம் 198ஐ நிரப்பித் தொடங்கலாம். இங்கும் வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் மொத்த நிலுவை 7,000 என்றாலும், ஒவ்வொரு குடும்பத்தின் கடனும் தனித்தனி வழக்கு என்பதால் வரம்பு தடையாக இராது.

காலக்கெடுவைக் கவனியுங்கள். 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தகப்பனார் காலத்துப் பக்கங்களை இனிப் புரட்டிப் பயனில்லை. ஆனால், கடன்பட்டவர் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஐம்பது ரிங்கிட் கொண்டுவந்து கொடுப்பவரிடம் அலுத்துக்கொள்ளாமல், வாங்கிக்கொண்டு, தேதியிட்டுக் கையொப்பம் பெறுவது இதனால்தான் முக்கியம்.

555 புத்தகத்தைச் சான்றாகக் காட்டலாமா என்றும் கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். காட்டலாம். அதன் பலம், அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் இணைத்திருந்த பக்கப் படத்தில், 'லோரிக்காரர், மூணாவது லயம், 64.50' என்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயம் இடிக்கப்பட்டு அங்கே இப்போது வேறு வீடுகள் நிற்கின்றன. லோரிக்காரர் என்பவர் யார் என்பதை நீதிமன்றத்துக்கு நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். தோட்டம் இருந்தவரை அந்த மூன்று சொற்களே முழு முகவரியாக இருந்தன. சம்பள நாளில் கிராணி அலுவலகத்திலிருந்து அவர் எந்த வழியாக வீடு திரும்புவார் என்பதும் கடைக்காரருக்குத் தெரியும். அந்த மனிதர் எங்கும் போய்விட முடியாது என்ற உறுதியின் மேல்தான் கடன் கொடுக்கப்பட்டதே ஒழிய, எல்லாரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கையின் மேல் அல்ல என்பது என் எண்ணம். இனிக் கடன் எழுதும்போது முதல் பக்கத்தில் அடையாளக் கார்டில் உள்ள முழுப் பெயர், இப்போதைய வீட்டு முகவரி, வேலையிடம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கூட்டுத்தொகைக்குக் கீழே கையொப்பம் வாங்குங்கள். தயங்குபவருக்கு ரொக்க வியாபாரம் போதும்.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலைகளைத் தரகரிடம் விற்கிறோம். பக்கத்து நிலத்துக்காரருக்கு டன்னுக்கு 40 ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கிறது. தரகர் ஏமாற்றுகிறாரா? – வாசகர், செபராங் பிறை செலாத்தான்

பதில்: ஏமாற்றலாம், ஏமாற்றாமலும் இருக்கலாம். விலை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எம்பிஓபி எனப்படும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், குலைக்கான மேற்கோள் விலையை வட்டாரவாரியாக வெளியிடுகிறது. அந்த விலை டன் கணக்கில் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு விழுக்காடு எண்ணெய்ப் பிழிவுக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது. உங்கள் குலைக்கு ஆலையோ தரகரோ எத்தனை விழுக்காடு தரம் போடுகிறாரோ, அதனால் பெருக்கினால் டன் விலை வரும். கணக்குப் புரிவதற்காக, ஒரு விழுக்காட்டின் விலை 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 19 விழுக்காடு தரம் பெற்ற குலைக்கு டன் 798 ரிங்கிட். 18 விழுக்காட்டுக்கு 756. ஒரே ஒரு விழுக்காடு குறைத்துப் போட்டாலே நீங்கள் சொல்லும் 40 ரிங்கிட் போய்விடுகிறது. எனவே தரகரிடம் 'இன்றைக்கு என்ன விலை' என்று கேட்பதைவிட, 'எத்தனை விழுக்காடு போடுகிறீர்கள், ஏன்' என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி.

தரம் குறைவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. மரத்தின் வயதும் கன்றின் வகையும் ஒருபுறம் இருக்க, அறுவடையிலேயே பல தவறுகள் நேர்கின்றன. எம்பிஓபியின் தரப் பிரிப்பு முறையில், குறைந்தது பத்துப் பழங்களாவது தாமாக உதிர்ந்த குலையே பழுத்த குலை. அறுப்பவர் அடுத்த சுற்றுக்கு வரச் சோம்பி, காயாக இருப்பதையும் சேர்த்து வெட்டினால் அதற்குக் கழிவு உண்டு. காம்பு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் அதற்கும் கழிவு. எண்ணெயில்லாத காம்பின் எடைக்கு ஆலை பணம் தராது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையைச் சேராவிட்டாலோ, தூக்கி எறிவதில் பழம் நசுங்கினாலோ, எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கும். பக்கத்து நிலத்துக்காரரும் உங்களைப் போலவே அதே ஆள்களைக் கொண்டு, அதே நாளில் அறுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அறுவடைக் கூலியையும் லோரி வாடகையையும் தரகர் விலையிலேயே கழித்துவிடுகிறாரா, தனியாக வாங்குகிறாரா என்பதும் இரண்டு விலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கிவிடக்கூடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விலை குறைந்தால், எடையில் ஐயம் கொள்ளலாம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி, வியாபாரத்தில் பயன்படும் தராசு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, அதற்கான முத்திரை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முத்திரையில் ஆண்டைப் பாருங்கள். பழையதாக இருந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எடை, விழுக்காடு, ஒரு விழுக்காட்டின் விலை, கழிவுகள் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய துண்டுக் காகிதம் எதற்கும் உதவாது.

தரகருக்கு எம்பிஓபி உரிமம் கட்டாயம். குலை விற்கும் சிறுதோட்டக்காரரான உங்களுக்கும் கட்டாயம். உங்களிடம் உரிமம் இல்லாமல் யாரோ ஒருவரின் பெயரில் குலை போய்க்கொண்டிருக்கிறது என்றால், குறைந்த விலைக்குக் காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். உரிமம் இல்லாத குலைக்கு அவர் சொல்வதே விலை.

கேள்வி: பழைய பலகை வீட்டுக்குப் பின்னால் கல்வீடு சேர்த்துக் கட்டுகிறோம். மேசனே வயரிங்கும் போட்டுத் தருவதாக, பாதி விலைக்குச் சொல்கிறார். பத்து ஆண்டுகளாக ஊரில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் போடுகிறாராம். – வாசகர், வால்டோர்

பதில்: கல்லையும் சிமெண்டையும் அவரிடமே விடுங்கள், மின்சாரத்தை விடாதீர்கள். மீட்டர்வரை மின்விநியோக நிறுவனமான டிஎன்பியின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னால் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளின்படி, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரே வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் மேற்பார்வையிட்டுச் சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர்கள் உங்களிடம் கொடுக்க வேண்டியவை இரண்டு: மேற்பார்வையிட்டு முடித்ததற்கான பாரம் ஜி, சோதனை செய்ததற்கான பாரம் எச். விலை பேசும்போதே, 'பாரம் ஜி, எச் தருவீர்களா' என்று கேளுங்கள். உங்கள் மேசனிடமும் கேட்கலாம். அவர் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிடும்.

குளியலறையில் சுடுநீர்க் கருவி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனியாக 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும், முறையான எர்த்தும் இருக்க வேண்டும். வீடு முழுமைக்குமாக மீட்டருக்கு அருகில் உள்ள ஒன்றே போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஈரக் கையோடு நிற்கும் குழந்தைக்கு அது போதாது.

கேள்வி: இரவுச் சந்தையில் காய்கறிக் கடை போட ஒரு வேன் தேவைப்படுகிறது. தெரிந்தவரின் தம்பி, 4,000 ரிங்கிட் கையில் கொடுத்துவிட்டு, மீதமுள்ள மாதத் தவணையை நான் 'சம்போங் பாயார்' முறையில் கட்டினால் போதும் என்கிறார். பெயர் மாற்றத் தேவையில்லையாம். – வாசகர், சிம்பாங் அம்பாட்

பதில்: எடுக்காதீர்கள். தவணை முடியும்வரை அந்த வேன் அவருடையது அல்ல, வங்கியினுடையது. வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். நீங்கள் மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டினாலும், ரசீது அவர் பெயரிலேயே சேரும். அவருக்கு வேறு கடன் தொல்லை வந்தாலோ, தவணைக்கென்று நீங்கள் கொடுத்த பணத்தை அவர் வேறெதற்காவது எடுத்துக்கொண்டாலோ, காய்கறியோடு சேர்த்து வேனை இழுத்துப் போவார்கள். நாளைக்கு அவர் மனம் மாறி, வேன் திருட்டுப் போய்விட்டது என்று போலீசில் சொன்னால், உங்கள் பக்கம் காட்ட ஒரு தாளும் இராது. காப்புறுதியும் அவர் பெயரில் இருப்பதால், விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதிலும் தொல்லைதான்.

அந்த வேன்தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. மீதிக் கடன் எவ்வளவு என்று வங்கியிடமிருந்து அவர் எழுத்தில் பெறட்டும். அந்தத் தொகையை அவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே நீங்கள் செலுத்துங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவிலிருந்து வங்கியின் உரிமைக் கோரல் நீங்கிய பின், பரிசோதனையும் பெயர் மாற்றமும் முடிந்தபிறகு, அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுங்கள். உங்களிடம் அவ்வளவு தொகை இல்லையென்றால் உங்கள் பெயரில் கடன் எடுத்து, விலை குறைந்த வேனைத் தேடுவதே நல்லது.

கேள்வி: வீட்டில் செய்யும் ஜாதிக்காய் ஊறுகாயையும் குழம்புத் தூளையும் அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஜார்ஜ்டவுன் கடை ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. நான் என்னென்ன செய்ய வேண்டும்? – வாசகி, பாலிக் புலாவ்

பதில்: வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும், உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உணவைக் கையாளுபவருக்கான பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்பவை. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போனால், சமையலறையைப் பதிவுசெய்வது பற்றியும், சிறு தயாரிப்பாளர்களுக்கான 'மெஸ்தி' சான்றிதழ் பற்றியும் சொல்வார்கள். கடைக்குப் பொருள் போடத் தொடங்கும்போது அந்தச் சான்றிதழ் பெரிதும் உதவும்.

லேபிள்தான் பலர் தவறவிடும் இடம். உணவின் பெயர், சேர்பொருள்கள், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். புலன எண்ணும் ஒரு தாமரைப் பூவும் மட்டும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை அனுப்பியிருக்கிறீர்கள். பூ அழகாக இருக்கிறது, முகவரியைச் சேருங்கள். ஊறுகாய் கெட்டுப்போனால் யாரிடம் வர வேண்டும் என்று சொல்லத் துணிந்தவரின் பொருளைத்தான் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பார். விலை பேசும்போது, விற்றது போக மீதியைத் திருப்பித் தருவார்களா, பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

கேள்வி: முனியாண்டி பூசைக்காகப் பக்கத்துத் தெருக்காரரிடம் இரண்டு கிடாய் வாங்கினேன். மூன்றாம் நாளே ஒன்று செத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அவர் ஆடு வளர்த்து விற்பதைத் தொழிலாகச் செய்பவர் என்றால், மேலே சொன்ன நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வீட்டில் வளர்த்த இரண்டை ஒருமுறை விற்றவர் என்றால் அது இரு தனிநபர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல். சிறு கோரிக்கைப் பிரிவுதான் வழி. இரண்டு இடத்திலும், விற்கும்போதே ஆட்டுக்கு நோய் இருந்தது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். செத்த ஆட்டைப் புதைத்துவிட்டேன் என்கிறீர்கள். கால்நடைச் சேவைத் துறையின் மருத்துவரிடம் காட்டாமல் புதைத்ததால் அந்தச் சான்று போய்விட்டது. கோயில் நிர்வாகத்தில் இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்துப் பேசிப் பாதி விலைக்கு முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் எதிர்பார்ப்பது சரியாகாது.

கேள்வி: வீட்டுக்குள் வந்த மலைப்பாம்பைப் பிடிக்க ஒருவர் 250 வெள்ளி வாங்கிக்கொண்டார். இது நியாயமா? – வாசகி, பாலிக் புலாவ்

பதில்: அடுத்த முறை 999க்கு அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: முகநூலில் பார்த்து, பழைய புல்வெட்டும் இயந்திரத்துக்கு 350 ரிங்கிட் அனுப்பினேன். அனுப்பியதும் எண்ணைத் தடைசெய்துவிட்டார். – வாசகர், தாசேக் குளுகோர்

பதில்: இதை வியாபாரப் பிணக்கு என்று எண்ணாமல் மோசடியாகக் கருதி நடவடிக்கை எடுங்கள். பணம் போனது தெரிந்தவுடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழைத்திருக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. இப்போது போலீஸ் புகார் செய்யுங்கள். இனி யாருக்கேனும் அனுப்புவதற்கு முன், அரச மலேசிய போலீஸ் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். அதில் பெயர் இல்லாததாலேயே ஒருவர் நேர்மையானவர் ஆகிவிடமாட்டார்; இதுவரை எவரும் புகார் செய்யவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பழைய இயந்திரத்தை நேரில் போய், இயக்கிப் பார்த்து, அங்கேயே பணம் கொடுத்து எடுப்பதுதான் முறை. வர வேண்டாம் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் குழாய் வேலை, செம்பனை அறுப்பு, தேங்காய் பறிப்பு, மலக்குழி இறைப்பு, பள்ளி வேன் போன்ற சேவைகளுக்கு ஆள்களைத் தொகுத்து, அச்சிட்டுக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட இளைஞர்கள் விரும்புகிறோம். எப்படித் தொகுக்கலாம்? – வாசகர், நிபோங் திபால்

பதில்: நல்ல முயற்சி. ஒவ்வொருவரிடமும் பெயரையும் எண்ணையும் ஒட்டலாமா என்று கேட்டு, ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். வீட்டு முகவரியைப் பலகையில் போட வேண்டாம். அதை உங்கள் குழுவின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எந்தக் கம்பம் அல்லது தாமானைச் சேர்ந்தவர் என்பது போதும். முகவரி தர மறுப்பவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்; இந்த ஒரு விதியைத் தளர்த்தாமல் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை குறையும்.

சில தொழில்களுக்கு உரிமத்தைப் பார்த்த பிறகே பெயரை எழுதுங்கள். வயரிங்கைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறோம். பள்ளி வேன் ஓட்டுநருக்குப் பிஎஸ்வி எனப்படும் பொதுச் சேவை வாகன உரிமம் வேண்டும். வேனுக்கும் தனி உரிமம் உண்டு. மலக்குழி இறைப்பவர் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வருகிறவர்களில் சிலர், இறைத்ததைச் செம்பனைக் காட்டுக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அது உங்கள் ஊருக்கே திரும்பி வரும். தேங்காய் பறிப்பவருக்கு இத்தகைய தாள் எதுவும் தேவையில்லை. அவரிடம் மரத்துக்கு எவ்வளவு, மட்டையையும் கழித்துத் தருவாரா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

'நம்பிக்கையானவர்', 'சிறந்தவர்' என்றெல்லாம் போடாதீர்கள். யார் வீட்டில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார் என்பதை அந்த வீட்டுக்காரரின் ஒப்புதலோடு ஒரு வரியில் எழுதினால், படிப்பவர் அங்கேயே போய் விசாரித்துக்கொள்வார். அதுபோல, ஒருவரைப் பற்றிய குறையைப் பலகையில் எழுதுவதும் வேண்டாம். 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் கோயில் பலகைக்கும் பொருந்தும். குறை வந்தால் விசாரித்து, பெயரை எடுத்துவிட்டாலே போதும்.

தாளின் மேல் அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்களுக்கும் அழைத்துப் பார்த்து, பதில் இல்லாதவற்றை நீக்கி, புதிய தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்தெடுத்துவிடுங்கள்.